டூயல் கிளட்சா, மேனுவலா? ஊர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

டெஸ்ட் டிரைவ் என்றால் ஷோரூம்காரர் உங்களைக் காலியான சாலைக்குத்தான் அழைத்துப் போவார். அங்கே டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை மிதித்துப் பார்த்து மயங்காதவர் குறைவு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் ஏறுவதே தெரியாது. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் மட்டும் விழுந்து விழுந்து எழும். ஐந்து நிமிடத்தில் மனம் கையெழுத்துப் போட்டுவிடும்.

வாங்கிய பிறகு அந்த வண்டி வாழப்போவது வேறு இடத்தில். சிக்னலில் நாலடி நகர்ந்து நிற்கும். அடித்தளப் பார்க்கிங்கின் சரிவில் முன்வண்டிக்காகக் காத்திருக்கும். ரிவர்ஸில் ஒரு சின்னத் திட்டை ஏறி நிறுத்த வேண்டியிருக்கும். மணிக்கு 0 முதல் 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் நடக்கும் இந்தக் கூத்தில்தான் டூயல் கிளட்சும் மேனுவலும் பிரிகின்றன. அதற்கு மேலே இரண்டுமே நல்ல வண்டிகள்தான்.

முதல் கார் வாங்குகிறவர்களுக்கும், மேனுவலில் பழகிவிட்டு ஆட்டோமேட்டிக் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பல வருடம் மேனுவல் ஓட்டிவிட்டு டூயல் கிளட்சுக்கு மாறியவன் நான். மாறிய முதல் மாதத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளட்ச் எங்கே போனது?

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் சக்கரம் நிற்க வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் கிளட்ச். மேனுவல் வண்டியில் எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கும். பெடலை விட்டால் அது நசுங்கிப் பிடித்துக்கொண்டு எஞ்சினோடு சேர்ந்து சுற்றும், அழுத்தினால் விலகும். பாதி அழுத்தி வைத்தால் உரசிக்கொண்டே சுற்றும். அதைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். உரசினால் சூடு, சூடானால் தேய்மானம். கிளட்சின் ஆயுளைத் தீர்மானிப்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எவ்வளவு நேரம் உரசியது என்பதுதான்.

டூயல் கிளட்ச் வண்டியில் பெடல் இல்லை. ஆனால் கிளட்ச் போய்விடவில்லை, ஒன்றுக்கு இரண்டாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு மேனுவல் கியர் பாக்ஸ்களை அடைத்தது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படைக் கியர்களுக்கு. இன்னொன்று 2, 4, 6க்கு. குழாய் போன்ற ஒரு தண்டு, அதற்குள்ளே இன்னொரு தண்டு. ஒவ்வொன்றும் ஒரு கிளட்சோடு இணைந்திருக்கும். நீங்கள் இரண்டாவது கியரில் வேகமெடுக்கும்போதே மறுதண்டில் மூன்றாவதைப் போட்டுத் தயாராக வைத்துவிடுகிறது கணினி. நேரம் வந்ததும் ஒரு கிளட்சை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இழுவை நடுவில் அறுவதில்லை. அதனால்தான் அந்த வெண்ணெய் போன்ற கியர் மாற்றம்.

யோசனை பழையது. அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1939லேயே இதைச் சிந்தித்தார். அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுவியல் அன்றைக்கு இல்லை. 1980களில் போர்ஷே தன் 956, 962 பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. சாதாரண மனிதர் வாங்கும் காருக்கு அது இறங்கி வந்தது 2003இல், வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 மூலமாக. பந்தயத்தில் வளர்ந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அதன் குணம் புரியும்: ஓடப் பிடிக்கும், ஊரப் பிடிக்காது.

படி 1: பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"ஆட்டோமேட்டிக்" என்று ஒரே சொல்லால் நாலு வெவ்வேறு பொருளை விற்கிறார்கள். வாங்கப்போகும் வண்டியில் எது இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏஎம்டி என்பது ஒரே ஒரு கிளட்ச் உள்ள சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ். உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக மோட்டாரோ ஹைட்ராலிக்கோ வேலை செய்கிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை லேசாக முன்னே சாய்ந்து பின்னே போகும். டார்க் கன்வெர்ட்டர் பழைய, நம்பகமான வகை: எஞ்சினிலிருந்து சக்தி எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குப் போகும், அதனால் ஊர்ந்து போகும்போது உரசித் தேய கிளட்ச் பிளேட் கிடையாது. சிவிடியில் கியர் படிகளே இல்லை, பெல்ட்டும் இரண்டு கப்பிகளும்தான். நாலாவதுதான் நம் டூயல் கிளட்ச்.

இதை நிறுவனத்துக்கு ஒரு பெயரில் அழைக்கிறார்கள். வோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் டிஎஸ்ஜி. ஆடியில் எஸ் ட்ரானிக். போர்ஷேவில் பிடிகே. ஹூண்டாய், கியாவில் டிசிடி. விற்பனையாளர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொன்னால், சிரித்துவிட்டு விவரத் தாளைக் கேளுங்கள். டார்க் கன்வெர்ட்டர் வண்டியை ஓட்டிய நண்பர் சொல்லும் அனுபவம் டூயல் கிளட்சுக்குப் பொருந்தாது. உருவத்தில் ஆட்டோமேட்டிக், உள்ளத்தில் மேனுவல் அது.

படி 2: ஈரமா, உலர்வா?

டூயல் கிளட்ச் என்று உறுதியானதும் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி இது. இதைக் கேட்டாலே எதிரே இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

உலர் கிளட்ச் மேனுவல் வண்டியில் இருப்பது மாதிரியே காற்றில் இருக்கும். எடை குறைவு, எரிபொருளும் கொஞ்சம் மிச்சம். ஆனால் உண்டான சூட்டை வெளியேற்றக் காற்றை விட்டால் நாதியில்லை. அதனால் சிறிய எஞ்சின்களோடுதான் பெரும்பாலும் வரும். வோக்ஸ்வாகனின் ஏழு கியர் உலர் வகை 250 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் முறுக்குவிசை) வரைதான் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது.

ஈரக் கிளட்சில் பல பிளேட்டுகள் அடுக்காக எண்ணெயில் முங்கியிருக்கும். எண்ணெய் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஊர்தலையும் ஏற்றத்தையும் நன்றாகத் தாங்கும். பதிலுக்கு எண்ணெயையும் ஃபில்டரையும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். வோக்ஸ்வாகனின் ஆறு கியர் ஈர வகைக்கு அது 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை.

கியர் எண்ணிக்கையை வைத்து எது என்று ஊகிக்காதீர்கள். ஏழு கியரில் உலர்வும் உண்டு, ஈரமும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், வெயில் கொளுத்தும் ஊரில் நெரிசலிலேயே வாழ்கிறவர் டூயல் கிளட்ச்தான் வேண்டும் என்று நின்றால், ஈர வகை கிடைக்கிற வண்டியைத் தேடுங்கள். உலர் வகைதான் கையில் சிக்குகிறது என்றால் அதே விலைக்குள் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 3: ஒரு வாரம் உங்கள் பாதையைக் கணக்கெடுங்கள்

வண்டியைப் பற்றிப் படிப்பதைவிட இது முக்கியம். ஒரு வாரம், தினமும் போகும் வழியில் மூன்றை மட்டும் எண்ணுங்கள். வண்டி முழுக்க நின்று மறுபடி கிளம்பியது எத்தனை முறை? ஏற்றத்தில் நின்று கிளம்பியது எத்தனை முறை? தடையில்லாமல் ஓடியது எத்தனை நிமிடம்? இப்போது கார் இல்லையென்றால் பேருந்திலோ டாக்ஸியிலோ உட்கார்ந்துகூட எண்ணலாம்.

எண்ணி முடித்தால் பெரும்பாலும் விடை தானே எழுந்து நிற்கும். நின்று கிளம்புவது மிதமாக இருந்து, நடுநடுவே நல்ல ஓட்டமும் இருந்தால் டூயல் கிளட்ச் உங்களுக்கு வரப்பிரசாதம். நெடுஞ்சாலைதான் அதிகம் என்றால் இரண்டுமே சரி. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், கவலையில்லை. தினமும் ஒரு மணி நேரம் அங்குலம் அங்குலமாக ஊர்கிறீர்கள் என்றால் மேனுவலில் உங்கள் இடது முழங்கால் தேயும், உலர் டூயல் கிளட்சில் பிளேட் தேயும். யாருடைய தேய்மானம் என்பதுதான் கேள்வி. முழங்காலுக்கு மாற்று கிடைப்பது கடினம் என்பதால் பிளேட் தேயட்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. நியாயம்தான்.

இதோடு இன்னொன்றையும் பாருங்கள். அந்த வண்டியை வீட்டில் வேறு யார் ஓட்டப்போகிறார்கள்? மூட்டுவலி உள்ள பெற்றோரா, புதிதாகக் கற்கும் பிள்ளையா? சில நாடுகளில் உரிமத்திலும் இது விஷயம். உதாரணமாக, பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டுநர் தேர்வில் தேறினால் மேனுவல் ஓட்ட உரிமம் கிடையாது. அதற்குத் தனியாகத் தேற வேண்டும். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்கள் தங்கள் ஊர் விதியை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

படி 4: டெஸ்ட் டிரைவை நீங்கள் நடத்துங்கள்

இங்கேதான் நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டும். நெரிசல் நேரத்துக்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்குங்கள். "அந்த நேரம் டிராஃபிக் ஜாஸ்தி சார், காலையில சீக்கிரம் வாங்க" என்பார்கள். அதற்காகத்தான் அந்த நேரத்தில் வருகிறேன் என்று சொல்லுங்கள். குறைந்தது அரை மணி நேரம் வேண்டும், ஏனென்றால் குளிர்ந்திருக்கும் கிளட்ச் ஒரு குணம், சூடான கிளட்ச் இன்னொரு குணம்.

டூயல் கிளட்ச் வண்டியில் செய்ய வேண்டியவை இவை.

முதலில், சமதளத்தில் பிரேக்கை மெல்ல மெல்ல விடுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம். வண்டி நீரில் படகு நகர்வது மாதிரி நகர்கிறதா, யாரோ பின்னால் இடித்தது மாதிரி கிளம்புகிறதா? பத்துமுறை செய்து பாருங்கள். ஒருமுறை இடித்தால் மன்னிக்கலாம். பத்தில் ஆறுமுறை இடித்தால் அதோடு வருடக்கணக்கில் குடும்பம் நடத்த முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தடுமாற்றச் சோதனை. 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், நிற்கப்போகிற மாதிரி பிரேக் பிடித்து 7, 8க்குக் கொண்டுவாருங்கள். நிற்பதற்கு முன்பே மனம் மாறிய மாதிரி ஆக்ஸிலேட்டரை மிதியுங்கள். ரவுண்டானாவில் இடைவெளி கிடைத்ததும் நாம் செய்வது இதுதானே. டூயல் கிளட்ச் பெட்டிக்கு மிகவும் பிடிக்காத வேலை இது. அடுத்து எந்தக் கியர் என்று அது முன்கூட்டியே ஊகித்து வைத்திருக்கும். நீங்கள் திடீரென்று கட்சி மாறினால் ஊகம் பொய்த்துப்போகும். போட்டுவைத்த கியரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, பிறகு கிளட்சைப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு கணம் வண்டி "இரு, யோசிக்கிறேன்" என்று நிற்கும். குறுக்கே வாகனம் வரும் சந்திப்பில் அந்த ஒரு கணம் மிக நீளமானது. சில வண்டிகளில் இது உணரவே முடியாத அளவு குறைவு, சிலவற்றில் எரிச்சலூட்டும். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நெடுஞ்சாலையிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. ஆறாவதில் சாவகாசமாகப் போகும்போது ஓவர்டேக் செய்ய முழுசாக மிதியுங்கள். ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்குவது நொடியில் நடக்கும், ஏனென்றால் அது மறுதண்டில் இருக்கிறது. ஆறிலிருந்து நான்குக்குப் போக வேண்டுமென்றால் இரண்டும் ஒரே தண்டில். அந்தத் தண்டு வேலையில் இருக்கும்போது அதிலேயே இன்னொரு கியரைத் தயார் செய்ய முடியாது. அதனால் இடையில் ஐந்தைத் தொட்டுக்கொண்டு இறங்கும், கொஞ்சம் நேரம் எடுக்கும். ஸ்டீயரிங் பின்னால் விரலால் கியர் மாற்றும் பேடில் இருந்தால், ஓவர்டேக் எடுப்பதற்கு முன்பே ஒரு கியர் இறக்கி வைத்துப் பாருங்கள். அதே வண்டி வேறு வண்டியாகத் தெரியும்.

மூன்றாவது, சரிவு. அடித்தளப் பார்க்கிங் ராம்ப் மாதிரி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்குக் காலை மாற்றுங்கள். ஏற்றத்தில் பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் இருந்தால் ஓரிரு நொடி பிடித்துக்கொள்ளும். அதற்குள் கிளம்பிவிட வேண்டும். பின்னால் எவ்வளவு உருள்கிறது, கிளம்பும்போது உடம்பு நடுங்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு ரிவர்ஸில் ஏறிப் பாருங்கள். பலர் இதைச் சோதிப்பதே இல்லை.

நான்காவது, சின்னத் திட்டு. பார்க்கிங்கில் முன்சக்கரம் ஒரு விரற்கடை உயரத்தில் முட்டி நிற்கும் இடம் எங்கேயும் கிடைக்கும். மேனுவலில் ஹாஃப் கிளட்ச் வைத்து, தாய் குழந்தையைப் படியேற்றுவது மாதிரி ஏற்றி நிறுத்திவிடலாம். டார்க் கன்வெர்ட்டர் எண்ணெயின் பலத்தில் மெதுவாக ஏறிவிடும். டூயல் கிளட்ச் முதலில் ஏறாது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் கிளட்ச் கவ்வும், வண்டி துள்ளி ஏறி எதிர்ச் சுவரை நோக்கிப் போகும். ஒரு கால் ஆக்ஸிலேட்டரில் இருக்கும்போது மனம் பிரேக்கில் இருக்க வேண்டும். இதைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் பழகுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும்.

மேனுவலுக்குச் சோதனை குறைவு. இருக்கையைச் சரியாக வைத்துக்கொண்டு கிளட்ச் பெடலை இருபதுமுறை முழுசாக அழுத்தி விடுங்கள். இருபதாவதில் தொடை என்ன சொல்கிறது? கிளட்ச் கவ்வும் இடம் எங்கே இருக்கிறது, அது தெளிவாகக் காலுக்குத் தெரிகிறதா? முதல் கியரில் ஆக்ஸிலேட்டரே இல்லாமல் பெடலை மெல்ல விட்டால் எஞ்சின் திணறாமல் வண்டி நகர்கிறதா? நகர்ந்தால் நெரிசலில் உங்கள் பாடு பாதி குறைந்தது. சின்ன டர்போ எஞ்சின்கள் சில, டர்போ எழுவதற்கு முன் தூங்கிவழியும். அந்த வண்டிகளில் மேனுவல் ஓட்டுகிறவர் ஹாஃப் கிளட்சிலேயே வாழ வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட எஞ்சின் என்றால் நான் ஆட்டோமேட்டிக் பக்கம் சாய்வேன்.

அந்த ராம்ப் கதை

சொல்கிறேன் என்றேனே. டூயல் கிளட்ச் வாங்கிய புதிதில், பல மாடிப் பார்க்கிங் ஒன்றிலிருந்து வெளியேறும் வரிசையில் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டேன். முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள். மேனுவலில் செய்த பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தேன்: பிரேக்கை விட்டுவிட்டு, வண்டி பின்னால் உருளாத அளவுக்கு ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து அந்தரத்தில் நிறுத்தி வைப்பது. எனக்கு அது ஒரு வித்தையாகவே தோன்றியது. நாலைந்து முறை செய்திருப்பேன். திடீரென்று வண்டி குலுங்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் கியர் பாக்ஸ் சூடு என்று மஞ்சளாக ஒரு எச்சரிக்கை. கண்ணாடியை இறக்கினால் கருகிய வாசனை. யார் வண்டியோ என்று சுற்றிப் பார்த்தேன், என்னுடையதுதான்.

வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. ஆக்ஸிலேட்டரில் அந்தரத்தில் நிறுத்தினால் உள்ளே கிளட்ச் முழு நேரமும் உரசிக்கொண்டிருக்கிறது என்பது காலுக்குத் தெரியவில்லை. மேனுவலில் பெடல் வழியாக அந்த உரசலை உணர்ந்திருப்பேன். ஓரமாக ஏற்றி நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி ஆறவிட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தேன். அன்றிலிருந்து ஏற்றத்தில் பிரேக்கைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை.

படி 5: வாங்கும் முன் வாய்விட்டுக் கேளுங்கள்

விலைப் பட்டியலைவிட இந்தப் பதில்கள் முக்கியம். கிளட்ச் பேக்குக்கு (இரண்டு கிளட்சும் சேர்ந்த தொகுப்பு) வாரண்டி உண்டா, அல்லது தேயும் பாகம் என்று கழித்துவிட்டார்களா? கியர் பாக்ஸை இயக்கும் மெகட்ரானிக்ஸ் பகுதிக்கு எத்தனை ஆண்டு? நீட்டித்த வாரண்டி வாங்கினால் இவை இரண்டும் அதில் வருமா? எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வாரண்டி ஆகாது.

மேனுவலில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவது அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் செய்கிற வேலை. டூயல் கிளட்சில் பேக்கைக் கழற்றி மாட்டவே தனிக் கருவிகள் வேண்டும். மாட்டிய பின் ஸ்கேனரை இணைத்து, புதுக் கிளட்ச் எங்கே கவ்வுகிறது என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதனால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் பல மணி நேரப் பயணத்தில்தான் இருக்கிறது என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே மேனுவல் எடுங்கள் என்பேன். மேனுவல் என்றால் செலவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். டீசல், டர்போ வண்டிகள் பலவற்றில் அதிர்வைக் குறைக்க இரண்டு பகுதிகளாகச் செய்த டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கும். கிளட்ச் மாற்றும்போது அதுவும் போயிருந்தால் பில் எகிறும்.

மைலேஜ் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட உங்கள் வலது காலால் வரும் வித்தியாசம் பெரிது.

ஆனால் இரண்டைக் கவனியுங்கள். நிறுவனங்கள் சில சமயம் டூயல் கிளட்சைப் பெரிய எஞ்சினோடு மட்டும் கட்டித் தருவார்கள். அப்போது கூடுதலாகக் கொடுக்கும் காசு கியர் பாக்ஸுக்கு மட்டும் அல்ல, எஞ்சினுக்கும்தான் என்று பிரித்துப் பாருங்கள். முன்வண்டியைப் பின்தொடர்ந்து தானே நின்று தானே கிளம்பும் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டுமென்றால் மேனுவலில் அது முழுமையாகக் கிடைக்காது. கிளட்சை மிதிக்க ஒரு கால் வேண்டுமே.

செகண்ட் ஹேண்ட் என்றால்

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிச் சரிக்கட்டி வைத்திருக்கலாம்.

மேனுவல் எளிது. நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் (எஞ்சின் சுழற்சி) எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது. பெடலை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகுதான் கவ்வுகிறது என்றால் பிளேட் தேய்ந்திருக்கலாம். பெடலை அழுத்தும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஓடும்போது இரண்டாவதுக்கு மாற்றுகையில் நறநறத்தால் அந்தக் கியரை உரசாமல் சேர்த்துவைக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு. அது கிளட்சைவிடப் பெரிய வேலை, ஏனென்றால் கியர் பாக்ஸையே பிரிக்க வேண்டும்.

டூயல் கிளட்சை உங்கள் காதும் காலும் மட்டும் சோதித்தால் போதாது. வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடேற்றி ஒருமுறை என இருமுறை பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போதும், நிற்பதற்கு முன் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போதும் நடுக்கமோ தட்டலோ வருகிறதா? டியிலிருந்து (டிரைவ்) ஆருக்கு (ரிவர்ஸ்) மாற்றினால் எத்தனை நேரம் கழித்துப் பிடிக்கிறது? திரையில் கியர் எழுத்து மின்னி மின்னி மறைகிறதா? ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போய், கியர் பாக்ஸ் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஈர வகை என்றால் எண்ணெய் மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். "மாத்தியாச்சு சார், பில்தான் எங்கேயோ" என்றால் மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

படி 6: வாங்கிய பிறகு, முதல் மாதம்

டூயல் கிளட்ச் வாங்கியவருக்கு: முன்வண்டி நாலடி நகர்ந்ததும் நீங்களும் நாலடி நகராதீர்கள். ஒரு வண்டி நீளம் இடைவெளி விழட்டும். பிறகு பிரேக்கை முழுசாக விட்டு, ஒரே மூச்சில் நகர்ந்து நில்லுங்கள். மனிதர் வேகமாக நடக்கும் வேகத்தைத் தாண்டும்போதுதான் கிளட்ச் முழுதாகக் கவ்வும். அதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு நொடியும் உரசல். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும், கிளட்சுக்கு அவர் காசு கொடுக்கப் போவதில்லை.

நிற்கும்போது பிரேக்கை அழுத்தமாகப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் கணினி கிளட்சை விலக்கிவிடும். அரைகுறையாகப் பிடித்து வண்டி முன்னே முண்டிக்கொண்டிருந்தால் உள்ளே உரசல் நடக்கிறது என்று பொருள். நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆட்டோ ஹோல்ட் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுங்கள். முழுசாக நின்ற பிறகே டியிலிருந்து ஆர். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது எந்த வண்டியிலும் கூடாது. சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு கால் பிரேக்கை விட்டு வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்ததும் பி (பார்க்). இல்லையென்றால் மொத்த எடையும் ஒரு சின்ன உலோகப் பல்லில் தொங்கும். மறுநாள் கியரை எடுக்கும்போது "டக்"கென்று கேட்பது அந்தப் பல்தான்.

பேட்டரி இறங்கிவிட்டால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், டூயல் கிளட்சை முடியாது. ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். இழுத்துப் போக நேர்ந்தால், எத்தனை வேகம், எத்தனை தூரம் என்று கையேட்டில் வரம்பு போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் கயிற்றைக் கட்டவிடாதீர்கள்.

மேனுவல் வாங்கியவருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, பயிற்சிப் பள்ளியில் சொன்னதுதான்: கிளட்ச் பெடல் கால் வைக்கும் மேடை அல்ல, கியர் லீவர் கை வைக்கும் மேடையும் அல்ல. நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து பெடலை விட்டுவிடுங்கள். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் பிடித்துக் கிளம்பப் பழகுங்கள். ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடும் வித்தை நான் செய்ததுபோல் வாசனையில்தான் முடியும்.

கடைசியாக, மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறுகிறவர்களின் இடது காலைப் பற்றி. முதல் இரண்டு வாரம் அது சும்மா இருக்காது. சிக்னல் நெருங்கும்போது பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடும். அங்கே இருப்பது ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் பெடல். கிளட்சை மிதிக்கும் வேகத்தில் இடது கால் அதில் இறங்கினால் வண்டி அந்த இடத்திலேயே குத்தி நிற்கும், பின்னால் வருகிறவர் உங்கள் டிக்கிக்குள் வந்துவிடுவார். கிளம்பும் முன்பே இடது காலை ஃபுட் ரெஸ்ட்டில் வைத்து, குதிகாலைத் தரையில் ஒட்டி, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வலது கால் ஒன்றே போதும்.